புரோமோ எரிமலைப் படிகள்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம் மாவட்டக் கரையோரம் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரில் நின்று பார்த்தாலும் மலை என்று ஒன்று கண்ணில் படாது. ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறது. பெயர்தான் பர்வதம், மேட்டில் ஏறி மண்டபத்தைச் சுற்றிவிட்டு இறங்கக் கொஞ்ச நேரம் போதும். இப்படி வளர்ந்த கால்களோடு இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் 2,329 மீட்டர் உயரத்தில் புகைந்துகொண்டிருக்கும் புரோமோ எரிமலையின் வாய்க்குப் போய்வருவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் வேலை பார்க்கிற வீடுகளில் இந்தப் பெயர் அடிபடுகிறது. "வாப்பா, நீங்களும் கிளம்பி வாங்க, 250 படிதான்" என்று போனில் சொல்லிவிடுகிறார்கள்.

படிக்கணக்கு ஏறக்குறைய சரிதான். பழனியில் 693 படி ஏறியவர்களுக்கு 250 ஒரு பொருட்டே இல்லை. அதனாலேயே பலர் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். ஆளைச் சாய்ப்பது வேறு: படிக்கு முன்னால் வரும் குளிர், அரைத் தூக்கத்தில் இருட்டு நடை, சுமார் 3 கிலோமீட்டர் எரிமலை மணல், கடைசியாக இறக்கம். இதில் மணல் நமக்குச் சின்ன வயதுப் பழக்கம். சென்னைக்காரரும் கோயமுத்தூர்க்காரரும் அங்கே தடுமாறும்போது நீங்கள் சாதாரணமாக நடப்பீர்கள். மற்றவற்றுக்குத்தான் ஊரிலிருக்கும்போதே தயாராக வேண்டும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நீர் வற்றிய பெரிய கண்மாய் ஒன்றை மனசில் வையுங்கள். சுற்றிலும் கரை, அந்தக் கரையே செங்குத்தான மலைச்சுவர். உள்ளே தண்ணீருக்குப் பதில் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் குறுக்களவுக்குச் சாம்பல் நிற மணல். பழைய பெரிய எரிமலை ஒன்று வெடித்து உள்ளே அமிழ்ந்ததால் உண்டான பள்ளம் இது. பிறகு பள்ளத்தின் நடுவில் சின்னச் சின்ன எரிமலைகள் முளைத்தன. அவற்றில் இன்னும் உயிரோடு இருப்பது புரோமோ. பக்கத்தில் வரிவரியாய் மடிப்பு விழுந்த கூம்பு ஒன்று நிற்கும். படங்களில் அழகாகத் தெரிவதால் பலர் அதையே புரோமோ என்று நினைத்துக்கொள்வார்கள். அது பாத்தோக், அணைந்துபோன மலை. உச்சி வெட்டுப்பட்டு, குட்டையாக, புகை விட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான் நாம் ஏற வேண்டியது. தெற்கே தூரத்தில் தெரிவது செமேரு, 3,676 மீட்டர், ஜாவாத் தீவிலேயே உயரமான சிகரம்.

கண்மாய்க் கரைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் செமோரோ லாவாங். தங்குவது இங்கே. உயரம் ஏறக்குறைய நம் கொடைக்கானல் அளவு. இங்கிருந்து சுவரில் இறங்கி, மணலைக் குறுக்கே கடந்து, புரோமோ அடிவாரம் போய்ப் படி ஏறி, விளிம்பில் நின்று உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். முழுப் பயணமும் அவ்வளவுதான். ஆனால் திரும்பும்போது அந்தச் சுவர் ஏற்றமாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

ஜாவாவில் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வறண்ட காலம். நம் கரைக்கு இது பொருந்தி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓட்டுகிறவர்களும் இறால், நண்டு வியாபாரிகளும் ஓரளவு கை ஓய்ந்திருக்கும் நேரம். பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். மே மாதம் போனால் வானம் தெளிவு, குளிரும் தாங்குகிற அளவு. ஜூலை, ஆகஸ்டில் சில இரவுகளில் மணல்மேல் உறைபனி படியும். அது பார்க்க அழகு, நம்மைப் போன்ற உடம்புக்குச் சித்திரவதை. டிசம்பர், ஜனவரியில் போகாதீர்கள். மழையும் மூட்டமும் சேர்ந்தால் எதிரே இருக்கிற மலையே தெரியாது.

இந்த மலைப்பகுதியில் வாழும் தெங்கர் மக்களின் நாட்காட்டியில் கசதா மாதம் 14ஆம் நாள் யட்ஞ கசதா என்ற திருவிழா. அவர்கள் இந்துக்கள். மணலின் நடுவில் இருக்கும் அவர்களுடைய போத்தென் கோயிலில் வழிபட்டு, நள்ளிரவுக்குப் பிறகு நெல், காய்கறி, கோழி, ஆடு, காசு என்று கையில் கொண்டுவந்ததை எரிமலை வாய்க்குள் போடுவார்கள். ரோரோ அந்தெங், ஜோகோ செகெர் என்ற தம்பதி பிள்ளை வரம் கேட்டு, கடைசிப் பிள்ளையைத் தருவதாக மலைக்கு வாக்குக் கொடுத்த கதையிலிருந்து வருகிற சடங்கு. வாய்க்குள் சரிவில் சிலர் வலையோடு நின்று விழுகிற காணிக்கையைப் பிடிப்பதும் உண்டு. பார்க்க ஆசையாக இருந்தாலும், முதல் தடவை படி ஏறப் போகிறவர்களுக்கு அந்த நாள் வேண்டாம். கூட்டம் நெருக்கும், மலையைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவை வெளியூர்க்காரர்களுக்கு மூடிவிடுவதும் உண்டு. தேதி வருஷா வருஷம் மாறும், அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஊரிலேயே ஆறு வாரப் பயிற்சி

மூச்சு, தொடை, முழங்கால் என்று மூன்றையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். நம்மூரில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

மூச்சுக்கு மணல் போதும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர். தார்ரோட்டை விட்டுவிட்டு ஓரத்து மணலில் நடந்தால், புரோமோ மணலுக்கு இதைவிடச் சிறந்த ஒத்திகை கிடையாது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உச்சிப்புளி பக்கம் அரியமான் கரையிலோ உங்கள் ஊர்க் கரையிலோ நடக்கலாம். ஈர மணலில் நடப்பது நடையே இல்லை. அது சிமெண்ட் தரை மாதிரி. காய்ந்த, கால் புதைகிற மணலில் நடங்கள். வெறுங்காலோடு நடக்காமல், ஜாவாவில் போடப்போகும் அதே ஷூவோடு நடங்கள். ஷூவுக்குள் மணல் எங்கே புகுகிறது, எந்த விரல் உரசுகிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். வாரம் மூன்று நாள், 40 நிமிஷத்தில் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம். பக்கத்தில் நடக்கிறவரோடு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தை துண்டு துண்டாக வந்தால் குறையுங்கள்.

தொடைக்குப் படி வேண்டும். ஒரு மாடிக்கு 20 படி என்று வைத்துக்கொண்டால் 250 படி என்பது பன்னிரண்டு, பதின்மூன்று மாடி. அவ்வளவு உயரக் கட்டடத்துக்கு நம் கரையில் எங்கே போவது? வீட்டு மொட்டைமாடிப் படியே போதும். ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கணக்கை நிரப்ப வேண்டியதுதான். ரயில் நிலையத்து நடைமேம்பாலமும் நல்ல இடம். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள், பயிற்சிக்கு அபராதம் கட்டிய பெயர் வேண்டாம். முதல் வாரம் 100 படி, மூன்றாம் வாரம் 250, ஐந்தாம் வாரம் முதுகில் மூன்று நாலு கிலோ பையோடு 400. அதற்கு மேல் தேவையில்லை.

ஏறும் முறையில் ஒரு சின்னச் சூட்சுமம். முன்காலைப் படியில் முழுப் பாதமும் படும்படி வைத்து, உடம்பைத் தூக்குவதற்கு முன் பின்காலை ஒரு நொடி நேராக நிமிர்த்தி நில்லுங்கள். அந்த ஒரு நொடி எலும்பு எடையைத் தாங்கும், தசைக்கு ஓய்வு கிடைக்கும். நொடி நொடியாகச் சேர்ந்து, மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்காமல் நிற்பீர்கள். வேகமாக ஓடி, முப்பதாவது படியில் உட்கார்ந்துவிடுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

முழங்காலைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சமதளத்தில் வாழ்கிற நமக்கு அந்த வகை வேலை சுத்தமாகப் பழக்கமில்லை. வலி உடனே வராது. மறுநாள் ஆரம்பித்து இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக்குக் கீழக்கரைக் கூட்டாளிகளோடு பயிற்சிக்குப் போயிருந்தேன். மேலே தர்கா வரை பாட்டுப் பாடிக்கொண்டே முன்னால் ஏறிய ஒருவர், இறங்கும்போது பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "என்ன காக்கா, பாட்டைக் காணோம்?" என்றான் ஒரு பையன். "பாட்டா? முழங்காலு ரெண்டும் தனித்தனியா ஆடுதுடா தம்பி" என்றார். கைலியைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்கு மேல் சதை கண்ணுக்குத் தெரியத் துடித்துக்கொண்டிருந்தது. ஆகவே வீட்டுப் படியில் ஏறுவதற்குக் கொடுக்கும் கவனத்தைப்போல் இரண்டு மடங்கு இறங்குவதற்குக் கொடுங்கள். கைப்பிடியைத் தொடாமல், மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்ணி இறங்குங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு பிரான்மலையோ பழனியோ ஒரு முறை போய்வாருங்கள். பழனியில் விஞ்ச்சில் இறங்கக் கூடாது, படியில்தான்.

கொடைக்கானலுக்கும் ஒரு இரவு போய்த் தங்கிப் பார்க்கலாம். புரோமோ விளிம்பின் உயரத்துக்கு அது நெருக்கம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பெரும்பாலோருக்கு லேசான மூச்சிரைப்போடு போய்விடும். தலைவலி, குமட்டல் வருகிறதா, சரியாகத் தூங்க முடிகிறதா என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம். இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். ஆஸ்துமாக்காரர்களுக்குக் கந்தகப் புகை ஆகவே ஆகாது. அவர்கள் படி ஏறாமல் மணலோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். சர்க்கரை உள்ளவர்கள் ஷூவுக்குள் மணல் உரசிப் புண்ணாவதைக் கவனிக்க வேண்டும்.

பயணமும் காகிதங்களும்

இது எளிய பகுதி. மதுரையிலிருந்து சிங்கப்பூர் வழியாகவோ, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகவோ கிழக்கு ஜாவாவின் தலைநகரான சுரபாயா போகலாம். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா கிடைக்கும். 30 நாளுக்கு 5 லட்சம் ரூபியா, நம் பணத்தில் 3,000 ரூபாய்க்குள் வரும். முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். சுங்க விவரங்களையும் இணையத்திலேயே நிரப்ப வேண்டும். கருப்பட்டி, கடலைமிட்டாய் கொண்டுபோனால் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

சுரபாயாவிலிருந்து, மலைக்குப் போகிற வழியில் உள்ள புரோபோலிங்கோ நகரம் சுமார் 100 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணி நேரம் போல ஆகும். பஸ்ஸைவிட ரயிலே மேல். ஒரு காரணம், பஸ்ஸில் போகும் வெளிநாட்டவர்களை நிலையத்துக்கு முன்பே ஏதாவது ஒரு ஏஜெண்ட் கடை வாசலில் இறக்கிவிட்டு, "இதுதான் புரோபோலிங்கோ" என்று சொல்லும் பழக்கம் அங்கே உண்டு. அங்கிருந்து செமோரோ லாவாங்குக்கு மினிபஸ் போகும். ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். நாலு பேராகப் போனால் கார் பேசிக்கொள்வதே நிம்மதி. முதல் நாள் மத்தியானத்துக்குள் மேலே போய்விட வேண்டும். தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. பேரம் பேசிப் பயனில்லை.

பெட்டியில் என்ன

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். கடலோரத்தில் இரவு 25 டிகிரி என்றால் செமோரோ லாவாங்கில் 10 டிகிரி, தெளிந்த வானமாக இருந்தால் இன்னும் கீழே. நமக்கு 22 டிகிரிக்கே போர்வை தேடுகிற உடம்பு. ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய உடுப்பு மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. ஏறும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் விளிம்பில் நிற்கும்போது முதுகு ஐஸாகிவிடும். மங்கி குல்லா, கையுறை கட்டாயம். ராமநாதபுரத்தில் தேடி அலையாதீர்கள். கொடைக்கானல் ஒத்திகைக்குப் போகும்போது அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஜாக்கெட்டைச் செமோரோ லாவாங்கிலேயே வாடகைக்குத் தருவார்கள். தெங்கர் ஆண்களும் பெண்களும் தோளைச் சுற்றி ஒரு சாரோங்கைப் போர்த்தி முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். நம் கைலிதான். வீட்டுக் கைலி ஒன்றைப் பையில் போடுங்கள். குளிருக்கும் ஆகும், புழுதியடித்தால் முகத்தை மூடவும் ஆகும்.

தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று, பிடிமானம் உள்ள ஷூ, கண்ணை மூடும் கண்ணாடி, சாதா மாஸ்க் இரண்டு. மாஸ்க் சாம்பலைத்தான் நிறுத்தும், கந்தக வாயுவை நிறுத்தாது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

மலை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

புரோமோ செத்த எரிமலை இல்லை. 2004 ஜூனில் திடீரென்று வெடித்ததில் இருவர் இறந்தார்கள். 2010 நவம்பரில் ஆரம்பித்த சீற்றம் அடுத்த வருஷம் வரை நீடித்தது. 2015, 2019 ஆண்டுகளிலும் சாம்பல் கக்கியது. உள்ளே சூடேறிய நீராவி வெடிக்கிற வகைச் சீற்றத்துக்கு முன்னறிவிப்பே இல்லாமல் போகலாம்.

இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு எரிமலைக்கும், ஆபத்து கூடிக்கொண்டே போகிற வரிசையில், நாலு நிலை வைத்திருக்கிறது: நோர்மல், வஸ்பாதா, சியாகா, அவாஸ். மக்மா இந்தோனேசியா என்ற செயலியில் அன்றாட நிலையைப் பார்க்கலாம். வஸ்பாதா நிலையில் இருக்கும்போது வாயிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்று அந்த மையம் சொல்லும். படியின் உச்சியே வாயின் விளிம்புதான் என்பதால், அதற்கு அர்த்தம் படி ஏறக் கூடாது என்பதே. ஜீப்காரர் "எல்லாரும் போறாங்க சார்" என்பார், போகவும் செய்வார்கள். என் கருத்து, நம் கரையில் புயல் கூண்டு ஏற்றியபின் கடலுக்குப் போகிறவரை என்ன சொல்வோமோ அதுதான் இவர்களுக்கும். அப்படியொரு நாளாக அமைந்தால் பெனஞ்சக்கான் மேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 2,770 மீட்டரிலிருந்து பாத்தோக், புரோமோ, செமேரு மூன்றும் வரிசையாகத் தெரியும். படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காட்சிதான்.

அந்த அதிகாலை

ஜீப்பில் போகிறவர்களுக்கு ஒரு வாடிக்கையான வழி உண்டு. மூன்று மணிக்கு எழுப்பி, பெனஞ்சக்கானில் சூரிய உதயம் காட்டி, பிறகு மணலுக்குக் கொண்டுவந்து படியில் விடுவார்கள். அதனால் ஏழு மணியிலிருந்து படியில் திருவிழாக் கூட்டம். நடந்து போகிறவர் இதைத் தலைகீழாகச் செய்யலாம். எல்லோரும் பெனஞ்சக்கானில் நிற்கும்போது நீங்கள் விளிம்பில் நிற்பீர்கள், உதயத்தை அங்கிருந்தே பார்க்கலாம்.

அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். அவர்களுடைய மூன்று மணி நம் உடம்புக்கு நள்ளிரவு ஒன்றரை. முதல் நாள் எட்டு மணிக்கே படுத்துவிடுங்கள். எழுந்ததும் சூடாக ஏதாவது குடித்து, இரண்டு பிஸ்கட், ஒரு துண்டு கருப்பட்டி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் குமட்டும்.

மூன்றரைக்குள் கிளம்புங்கள். முதல் அரை மணி, சுவர்ச்சரிவில் இறக்கம். டார்ச் வெளிச்சத்தைக் காலுக்கு இரண்டடி முன்னால் வையுங்கள். இறங்கி முடித்ததும் காலடியில் சத்தம் மாறும். நம் கடற்கரை மணல்போல் நறநறக்காது. மேலே மாவுபோலப் பொடி, அடியில் கெட்டி. சில இடத்தில் கணுக்கால்வரை இறங்கும். குதிகாலை அழுத்தாமல், பாதம் முழுவதையும் தட்டையாக வைத்துக் குட்டி அடியாக நடங்கள், அரிச்சல்முனையில் நடந்த மாதிரியே. சுபுஹு நேரம் இந்த நடையிலேயே வந்துவிடும். தொழுகிறவர்கள் சின்ன விரிப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி இறங்கியிருந்தால் தனியாக மணலுக்குள் போகாதீர்கள். திசை சுத்தமாகத் தவறிவிடும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சாம்பல். அப்படிப்பட்ட நாளில் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது வெளுக்கும்வரை காத்திருங்கள். ஜீப் வெளிச்சம் வந்தால் பாதையை விட்டு ஓரமாக நில்லுங்கள்.

போத்தென் கோயிலைத் தாண்டியதும் குதிரைக்காரர்கள் கூப்பிடுவார்கள். முழங்கால் சரியில்லாத பெரியவர்கள் இருந்தால் குதிரை எடுப்பதில் தப்பில்லை. படியடி வரை கொண்டுவிடும். போகவர இரண்டுக்கும் சேர்த்து விலையை ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். கோயிலிலிருந்து படியடி வரை உள்ள சரிவுதான் உண்மையில் இந்தப் பயணத்தின் கடினமான ஏற்றம். பொடி மணலில் இரண்டடி வைத்தால் ஓரடி பின்னால் வழுக்கும். படியைப் பார்ப்பதற்கு முன்பே இங்கே பாதிச் சக்தி போய்விடுகிறது. அவசரப்படாமல், சரிவை நேராகப் பிடிக்காமல், முடிந்த இடத்தில் சாய்வாக வளைந்து ஏறுங்கள். படியடியில் ஐந்து நிமிஷம் நின்று தண்ணீர் குடித்து, ஒரு உடுப்பைக் கழற்றிப் பையில் வையுங்கள்.

படி

சிமெண்ட் படி, கைப்பிடி உண்டு. படி முழுக்கச் சாம்பல் படிந்து, சில இடத்தில் படியின் விளிம்பே தெரியாமல் சறுக்குமரம்போல் ஆகிவிடும். அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஷூவின் ஓரத்தால் சாம்பலை ஒதுக்கிவிட்டு வையுங்கள். கைப்பிடி இரும்பு ஜில்லென்று இருக்கும், கையுறையைக் கழற்றாதீர்கள். ஐம்பது படிக்கு ஒரு தடவை, ஓரமாக ஒதுங்கி, பத்து மூச்சு எண்ணி நில்லுங்கள். இந்தக் கணக்கில் பதினைந்து நிமிஷத்தில் மேலே இருப்பீர்கள். பின்னால் வருகிற பையன்கள் தாண்டிப் போனால் போகட்டும்.

பாதிக்கு மேலே மூக்கில் ஒரு நெடி ஏறும். தீக்குச்சி உரசியதும் வருமே, அதுவே பலமடங்காக. கந்தக டைஆக்சைடு, கண், தொண்டை ஈரத்தில் கரைந்து அமிலமாகி எரிச்சல் கொடுக்கும். ஈரத்துணியை மூக்கில் வைத்தால் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். காற்று திசை மாறிப் புகை படிமேலேயே வந்து, இருமல் நிற்காமல் போனால் இறங்கிவிடுங்கள். அரை மணி கழித்துக் காற்று திரும்பினால் மறுபடி ஏறிக்கொள்ளலாம். இந்த வாயு காற்றைவிட எடை கூடியது, பள்ளத்தில் தங்கும். ஆகவே புகையடிக்கும்போது குனிந்து உட்காராதீர்கள்.

விளிம்பில்

மேலே போனதும் முதலில் காதுக்குத்தான் வேலை. உள்ளே ஆழத்திலிருந்து இடைவிடாத இரைச்சல், பெரிய கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல. கைப்பிடியைத் தொட்டால் சில சமயம் அதிர்வு தெரியும். கீழே வெள்ளைப் புகை, அது விலகும் நொடியில் மஞ்சள் படிந்த பாறை.

விளிம்புப் பாதை ஒடுக்கம். ஒரு பக்கம் எரிமலை வாய், மறுபக்கம் வந்த சரிவு. படி முடிகிற இடத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் தடுப்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. கொஞ்சம் நடந்து போனால் கூட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தைகளோடு வந்தவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் தடுப்புக்குள்ளேயே நிற்க வேண்டும். வாய்க்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இங்கே உட்கார்ந்திருக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. பின்னால் ஓரடி நகர்ந்தால் மண் சரியும் இடம் அது. யார் செய்தாலும் நீங்கள் உள்ளே இறங்காதீர்கள்.

ஐந்து மணி தாண்டியதும் கிழக்கே வெளுக்கும். வெயில் முதலில் பாத்தோக்கின் மடிப்புகளில் பட்டு, பிறகு மெதுவாகக் கீழே மணலுக்கு இறங்கும். மணல்மேல் தேங்கிய வெண்பனி அதன்பிறகுதான் கலைய ஆரம்பிக்கும். நின்று பாருங்கள், அரைமணி நேரம் போதும், அதற்குமேல் குளிர் விடாது.

மேலே எதிர்படும் வியாபாரிகள் காய்ந்த பூங்கொத்து நீட்டுவார்கள், வாய்க்குள் போட்டு வேண்டிக்கொள்ள. அது காட்டில் பறித்த எடெல்வைஸ் என்ற மலைப்பூ என்றால், பறிக்கவே தடையுள்ள செடி. பயிர் செய்து விற்பவர்களும் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். எது எது என்று பிரித்தறிய முடியாவிட்டால் வாங்காமல் விடுங்கள். தீப்பெட்டி, மத்தாப்பு எதையும் கொண்டுபோகாதீர்கள். 2023 செப்டம்பரில் கல்யாணப் படப்பிடிப்புக்குக் கொளுத்திய வண்ணப்புகைக் குச்சியால் அங்கே புல்வெளி பெரும் பரப்பில் எரிந்தது.

இறக்கம்

ஏழு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள், ஜீப் கூட்டம் மேலேறுவதற்குள். இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள், வழுக்கினால் முதுகு அடிபடும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்து, பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையைக் கைப்பிடியில் ஓடவிட்டு இறங்குங்கள். படி முடிந்து பொடி மணல் சரிவு வந்ததும் குதிகாலைப் புதைத்து இறங்கினால் வேகமாகவும் வலியில்லாமலும் போகும். படியில் செய்யக் கூடாததை இங்கே செய்யலாம்.

மணலைக் கடந்தபின் செமோரோ லாவாங் சுவர். இறங்கும்போது அரைமணி எடுத்தது இப்போது முக்கால் மணிக்கு மேல் எடுக்கும்; வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும். இதற்காக அரை லிட்டரைத் தொடாமல் மிச்சம் வையுங்கள். முடியவில்லை என்றால் அடிவாரத்திலேயே ஜீப்போ பைக்கோ பேசிக்கொள்ளலாம்.

சாப்பாடு, அப்புறம் திரும்புவது

கிழக்கு ஜாவாவில் முஸ்லிம்கள் பெரும்பான்மை, ஹலால் உணவுக்குக் கஷ்டமே இல்லை. மரக்கறிக்காரர்கள் சோயாவில் செய்கிற டெம்பே, தோஃபு, காய்கறியோடு கடலைச் சாறு ஊற்றித் தருகிற பெச்செல், காடோகாடோ என்று கேட்டு வாங்கலாம். ஆனால் அவர்களுடைய சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது சேர்த்திருப்பார்கள். நமக்குக் கருவாட்டு வாசனை பழக்கம்தான் என்றாலும், விரதக்காரர்கள் முன்பே சொல்லி வையுங்கள்.

அன்று மாலையே விமானம் ஏறுகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். சாம்பல் பறந்தால் விமானங்கள் தள்ளிப்போகும், ரயில் பிந்தினால் பதற்றம். புரோபோலிங்கோவிலோ சுரபாயாவிலோ ஒரு இரவு தங்குங்கள், தரைத்தளத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். ஷூவைக் குளியலறையில் கழுவாமல் வெளியே தட்டி உதறுங்கள். அந்தச் சாம்பல் தண்ணீர் பட்டால் சிமெண்ட்போல் சாக்கடைக் குழாயில் இறுகிக்கொள்ளும், விடுதிக்காரர் திட்டுவார். தொடை வலிக்குப் படுத்தே கிடப்பதைவிட, மறுநாள் காலையில் சமதளத்தில் இருபது நிமிஷம் மெதுவாக நடந்தால் சீக்கிரம் இளகும். வெந்நீர்க் குளியல் நல்லது. வலி ஒரு வாரம் தாண்டியும் நின்றாலோ, முழங்கால் வீங்கினாலோ தைலம் தடவிக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.